குடைக்கு இந்தப் பக்கம்

நுவரெலியாவில் கோல்ஃப் மைதானம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஊர்க்காரருக்குச் சிரிப்பு வரும். ஊரே அதைச் சுற்றித்தான் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் கிராண்ட் ஹோட்டல், ஒரு பக்கம் கடைவீதி, தலைக்குமேல் இலங்கையின் ஆக உயர்ந்த மலையான பிதுருதலாகலை. டவுனுக்குள் எந்தப் பக்கம் நடந்தாலும் சற்று நேரத்தில் ஒரு வேலியும், வேலிக்கு அப்பால் ஒட்ட வெட்டிய புல்லும் கண்ணில் படும்.

1889இல் தொடங்கிய கிளப் அது. நோய் விழுந்து கோப்பி அழிந்து, தேயிலை வேர்பிடித்து நின்ற காலம். தோட்டங்களை நடத்த வந்த துரைமாரில் ஸ்கொட்லாந்துக்காரர் ஏராளம். குளிர், மூடுபனி, எந்நேரமும் ஈரமாகக் கிடக்கும் புல், ஓரங்களில் மஞ்சளாகப் பூக்கும் முட்செடி எல்லாமே அவர்களுக்குச் சொந்த ஊர்ச் சாயலில் கிடைத்துவிட்டன. இல்லாமல் இருந்தது குழிகள் மட்டும்தான். காட்டை வெட்டித் தேயிலை நட்ட கைகள்தான் அந்தக் குழிகளையும் வெட்டியிருக்க வேண்டும்.

நான் அங்கே மட்டைப் பை தூக்கப் போனது எழுபதுகளின் கடைசியில். வெள்ளைத் துரைமார் அநேகமாகப் போய்விட்டார்கள். 1975இல் வெளிநாட்டுக் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, பங்களாக்களில் நம் நிறத்திலேயே துரைமார் வந்து இறங்கியிருந்தார்கள். நாங்கள் குடியிருந்த லயம் லவர்ஸ் லீப் அருவிக்குக் கீழே இருந்தது. சனி, ஞாயிறு, பாடசாலை விடுமுறை என்றால் விடியுமுன் இறங்கி நடந்து, கிளப்புக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் மற்றப் பொடியன்களோடு குந்திக்கொள்வேன். பெயர் கூப்பிட்டால் பை. ஒரு சுற்று முடித்தால் கையில் விழும் சல்லி, அம்மா கொழுந்து பறித்து வாங்கும் அரைப்பேரைவிட, அதாவது அரைநாள் கூலியைவிட, சற்றுக் கூடுதல். வீட்டில் யாரும் தடுக்காததற்கு அது போதும்.

பைக்குள் பதினான்கு மட்டைகள். அதற்குமேல் கூடாது என்பது விதி. மற்ற விதிகளில் அப்படி இப்படி இருந்த துரைமார்கூட இந்த ஒன்றைக் கடைப்பிடித்தார்கள். சுமக்கிறவனுக்கு அது பெரிய உபகாரம். மரத்தலை வைத்த மட்டைகள் மூன்று நான்கு, மிச்சமெல்லாம் இரும்பு, கடைசியில், குழியைச் சுற்றியுள்ள கிரீனில் பந்தை உருட்டிவிடும் பட்டர். எந்த மட்டையை எப்போது நீட்ட வேண்டும் என்பது கேட்குமுன்பே தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லித்தந்தவர்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

கிளப்பில் அவரை ‘ப்ரோ’ என்பார்கள். எங்களுக்கு மாமா. வயது ஐம்பது இருக்கும். ஒட்டிய கன்னம், தொப்பி, முழங்கையில் ஒட்டுப்போட்ட கம்பளிச் சட்டை. அவரும் ஒரு காலத்தில் எங்களைப்போலவே கொட்டகையில் குந்தியிருந்து, வெள்ளைக்காரருக்குப் பை தூக்கியவர். அவருக்கு ஒருவரும் பாடம் நடத்தவில்லை. துரைமாருக்கு இன்னொரு துரை சொன்னதைக் காதில் வாங்கி, ராத்திரி லயத்துக்குப் பின்னால் கொய்யாக் கம்பை வீசிப் பார்த்து, எது பலிக்கிறது எது பலிக்கவில்லை என்று தானே கண்டுகொண்டவர்.

மாமாவிடம் பாடம் கேட்க வருகிறவர்கள் எல்லோரும் அவரைவிட மேலே உள்ளவர்கள். தோட்டத் துரை, வங்கி மனேஜர், ஏப்ரல் சீசனுக்குக் கொழும்பிலிருந்து வரும் வக்கீல், டாக்டர். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிரம்போடு நிற்பார், பிள்ளை கையைக் கட்டி நிற்கும். இங்கே வாத்தியார் ‘சேர்’ போட்டுப் பேச வேண்டும். மாணவர் கால்மேல் கால் போட்டுத் தேத்தண்ணீர் குடித்து முடிக்கும்வரை நின்றுகொண்டிருக்க வேண்டும். பிறகு அவருடைய பிழையைத் திருத்த வேண்டும், பிழை என்று சொல்லாமல்.

‘நீங்கள் செய்வது தவறு’ என்று மாமா ஒருவரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. பந்து வலப்பக்கம் வளைந்து பைன் மரங்களுக்குள் போய்விட்டால், “காத்து இழுத்துருச்சு சேர்.” பந்தின் உச்சியில் அடிபட்டு நாலடி உருண்டு நின்றால், “புல்லு ஈரம் சேர்.” காற்றும் புல்லும் எத்தனை பேருடைய பழியைச் சுமந்தன என்பதற்குக் கணக்கில்லை.

வலப்பக்கம் வளைவதற்குக் காற்று காரணமில்லை என்பது அவருக்குத் தெரியாததல்ல. மட்டை வெளியிலிருந்து உள்ளே குறுக்காக வெட்டி வருகிறது, அதன் முகம் அந்தப் பாதைக்குத் திறந்து நிற்கிறது, பந்து பக்கவாட்டில் சுழன்று வளைகிறது. புதிதாகப் பழகுகிறவர்களில் பெரும்பாலோருக்கு வருகிற வியாதி இது. இதில் கொடுமை என்னவென்றால், வளைவைச் சரிக்கட்டுவதாக நினைத்துக்கொண்டு இடப்பக்கம் பார்த்துத் திரும்பி நின்றால், வெட்டு இன்னும் கூடி, பந்து இன்னும் மோசமாக வளையும். தன் புத்தி தன்னையே ஏமாற்றுகிறது என்று ஒரு வங்கி மனேஜரிடம் யார் போய்ச் சொல்வது?

மாமா வானத்தைப் பார்ப்பார். நுவரெலியாவில் வானத்தைப் பார்க்க எப்போதும் ஒரு காரணம் இருக்கும். “மழ வர்ற மாதிரி இருக்கு சேர், கொடையக் கிட்டவே வச்சிக்கிறேன்” என்று, மடக்கிய குடையைப் பந்துக்கு அப்பால் ஒரு சாண் தள்ளி, பந்து போக வேண்டிய திசைக்கு நேராகப் புல்லில் கிடத்துவார். வெளியிலிருந்து வெட்டினால் மட்டை குடையில் படும். மனிதர் எவ்வளவு பெரியவரானாலும் அடுத்தவன் குடையை உடைக்கக் கூச்சப்படுவார். கை தானாகவே குடைக்கு இந்தப் பக்கமிருந்து வரத் தொடங்கும். நாலைந்து அடிக்குள் ஒரு பந்து நேராக எழும்பிப் போகும்.

“காத்து நின்னுருச்சு சேர்” என்பார் மாமா, குடையை எடுத்துக்கொண்டே.

துரைசானிமார் வந்தால் சிக்கல் வேறு. மட்டையைப் பிடிக்கும் விதத்தைத் திருத்த வேண்டுமானால் விரலைத் தொட்டு வைக்க வேண்டும், தொடக்கூடாது. மாமா அவர்களுக்கு எதிரே, முகம் பார்த்து நின்றுகொண்டு, மட்டையை இடக்கைக்காரனைப்போல மாற்றிப் பிடிப்பார். எதிரே நிற்கிறவருக்குக் கண்ணாடியில் தன்னையே பார்ப்பதுபோல இருக்கும். அவர் கைவைத்த இடத்தில் இவர்களும் கைவைத்தால் சரி. இப்படிக் காட்டிக் காட்டியே இடக்கையாலும் நன்றாக அடிக்கப் பழகிவிட்டார். கிளப்பில் அந்த வித்தையைக் கண்டு வியந்தவர்கள் உண்டு. அது எதற்காக வந்தது என்று கேட்டவர் இல்லை.

கொழும்புக்காரர்களிடம் அவருக்கு இன்னொரு அனுகூலம் இருந்தது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். காற்று மெலிந்திருப்பதால் பந்துக்குத் தடை குறைவு. கொழும்பில் அடிப்பதைவிடக் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குத் தூரம் கூடும். சீசனில் வந்து இரண்டு பாடம் கேட்ட வக்கீல், தன் பந்து இதுவரை போகாத தூரம் போவதைப் பார்த்து மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்குவார். மாமா பணிவாகத் தலையசைப்பார். மலைக்குச் சேர வேண்டிய புகழை மலை கேட்கப் போவதில்லை. கொழும்புக்குத் திரும்பியதும் தூரம் பழையபடி குறைந்துவிடும். பாடம் மறந்துவிட்டது என்று நினைத்து மனிதர் அடுத்த ஏப்ரலில் மறுபடி வந்து நிற்பார்.

எங்களுக்குப் பாடம் விடியற்காலையில். யாரும் பணம் கொடுக்கவில்லை, யாரும் அதைப் பாடம் என்று சொல்லவுமில்லை. உறுப்பினர்கள் எழுந்து வருமுன், கொட்டகைக்குப் பக்கத்தில் உள்ள சின்னப் பயிற்சிக் கிரீனில் மாமா நிற்பார். ஜனவரி, பெப்ரவரியில் தரைப்பனி விழுந்து புல் வெள்ளையாக உறைந்திருந்தால் அதில் காலே வைக்க விடமாட்டார். உறைந்த புல்லை மிதித்தால் மிதித்த தடமெல்லாம் கருகிப்போகும். மற்ற நாட்களில் புல்லின்மேல் சாம்பல் நிறத்தில் பனித்துளி படிந்திருக்கும். அதுதான் அவருக்கு வேண்டியது.

குழியிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளிப் பந்தை வைத்து உருட்டச் சொல்வார். பந்து போன வழியெல்லாம் பனித்துளி கலைந்து, கரும்பச்சையாக ஒரு கோடு விழும். அந்தக் கோட்டைக் குனிந்து பார்க்க வேண்டும். முதல் முக்கால் பங்கு நேராக ஓடியிருக்கும். கடைசிக் காலில்தான் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளைந்திருக்கும். வேகம் இருக்கும்வரை பந்து சரிவை மதிப்பதில்லை. வேகம் தளர்ந்த பிறகுதான் நிலம் அதைத் தன் பக்கம் இழுக்கிறது. ஆகவே சரிவைப் படிக்க வேண்டிய இடம் காலடியில் இல்லை, குழிக்குப் பக்கத்தில். இதை மாமா ஒரு வார்த்தையிலும் விளக்கவில்லை. “கோட்டப் பாருடா” என்பார், அவ்வளவுதான். இரண்டாவது பந்து, மூன்றாவது பந்து என்று கோடுகள் கூடக்கூட அந்தச் சின்னக் கிரீனின் மேடுபள்ளம் முழுவதும் கண்முன்னே வரைபடமாக விரியும். ஏழரை மணி வெயில் பட்டதும் எல்லாம் காய்ந்து போய்விடும். அதன்பிறகு அதே கிரீனில் வந்து நிற்கும் துரைக்கு ஒன்றுமே தெரியாது. பை தூக்கும் பொடியன் “ரெண்டு விரக்கட எடது சேர்” என்று மெதுவாகச் சொல்வான், பந்து உள்ளே விழும்.

எங்களிடம் அவர் பேச்சே வேறு. காற்று, புல் ஒன்றும் கிடையாது. “தோளத் தொறந்து வச்சிக்கிட்டு என்னாடா பாக்குற?” “தல தூக்குற. பந்து எங்கயும் ஓடாது, அடிச்சிட்டு மெதுவாப் பாரு.” மட்டையை இறுக்கிப் பிடித்தால் மட்டும் கோபப்பட மாட்டார். கொழுந்து பறிக்கிற மாதிரிப் பிடிக்கச் சொல்வார். கொழுந்து நசுங்கவும் கூடாது, நழுவவும் கூடாது. எங்கள் எல்லோருடைய அம்மாமாரும் கொழுந்துக்காரிகள். அந்தப் பிடி எப்படி என்று அதற்குமேல் ஒருவனுக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விரல்களை வைக்க அவர் காட்டிய விதத்துக்கு உலகமெங்கும் ஜெர்சித் தீவு ஆட்டக்காரர் ஹாரி வார்டனின் பெயர்தான். வலக்கைச் சுண்டுவிரலை இடக்கை ஆள்காட்டி விரல்மேல் ஏற்றிவைக்கும் பிடி அது. மாமா அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஓடையிலும் முட்செடிக்குள்ளும் பொறுக்கிய பந்துகளை ஒரு சாக்கில் போட்டு வைத்திருப்பார். இரண்டு அளவுப் பந்துகள் அப்போது புழக்கத்தில் இருந்தன: 41.15 மில்லிமீட்டர் விட்டமுள்ள பழைய பிரிட்டிஷ் பந்தும், 42.67 மில்லிமீட்டர் அமெரிக்கப் பந்தும். சின்னது எதிர்காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் என்று அதை விரும்பியவர்கள் உண்டு. 1990இல்தான் அது விதியிலிருந்தே ஒழிந்தது. மழைநாளில் ஆட்டம் இல்லாதபோது மாமா சாக்கைக் கொட்டி, ஒவ்வொரு பந்தாக எடுத்து எங்களிடம் நீட்டுவார். மேல்தோல் மெத்தென்றிருந்த அந்தக் காலப் பந்தில் இரும்பு மட்டையின் ஓரம் பட்டால் பிறைபோல வெட்டு விழும். “இவன் என்னா செஞ்சான், சொல்லு.” வெட்டு ஆழமென்றால் வேகமாக அடித்திருக்கிறான். வெட்டு விழுந்திருப்பதே, அடிக்கிற நேரத்தில் உடம்பை எழுப்பிப் பந்தின் இடுப்பில் கொண்டுபோய் இடித்ததால்தான். பந்தைப் பார்த்து ஆளைச் சொல்வது எங்களுக்கு ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. சில பந்துகளுக்கு எங்கள் மத்தியில் துரைமாரின் பெயர்களே இருந்தன.

இடி இடித்தால் மட்டும் மாமா யாருக்கும் பணிந்து பேசமாட்டார். தூரத்தில் முழங்கினாலே மட்டைகளைப் பைக்குள் சொருகி, துரை என்ன சொன்னாலும் கிளப்பைப் பார்த்து நடக்கத் தொடங்குவார். கையை நீட்டி ஒரு திசையைக் காட்டுவார். அங்கே இருப்பது மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸின் கல்லறை. ஆயிரத்து நானூறுக்கு மேல் யானைகளைச் சுட்டதாகப் பேர் வாங்கிய அந்த ஆள் 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். புதைத்த பிறகும் அந்தக் கல்லில் மின்னல் விழுந்துகொண்டே இருக்கிறது என்று ஊரில் பேச்சு. யானைகளின் சாபம் என்பாள் எங்கள் பாட்டி. மாமாவுக்குச் சாபத்தில் நம்பிக்கை இருந்ததா தெரியாது. திறந்தவெளியில் இரும்பைத் தலைக்குமேல் தூக்கி நிற்பது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று ஒரு பெரிய மனிதருக்கு உணர்த்த, அந்தக் கல்லறையைவிட மரியாதையான வழி அவருக்குக் கிடைக்கவில்லை.

எங்களுடைய ஆட்டம் லயத்துக்குக் கீழே, காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நடந்தது. மட்டை கொய்யாக் கம்பு. பணக்காரன் என்றால் உடைந்து எறியப்பட்ட இரும்பு மட்டையின் தலையில் கம்பைச் சொருகி வைத்திருப்பான். பால்மாவு டின் புதைத்த இடம்தான் குழி. விதிப்படியான குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர்; எங்கள் டின் எவ்வளவு என்று யாரும் அளந்ததில்லை. கவ்வாத்து வெட்டிய மலைக்குள் பந்து போய்விட்டால் தேடி எடுக்கும்வரை ஆட்டம் நிற்கும். எங்களில் ஒருவன் அசாத்தியமாக அடிப்பான். சரிவில் நின்று, செருப்பில்லாத காலால் மண்ணைக் கவ்விக்கொண்டு, கொய்யாக் கம்பால் அவன் எழுப்பிய பந்து மாதிரி நான் கிளப்பில்கூடப் பார்த்ததில்லை. மாமா அவனைப் பார்க்கும் பார்வையில் ஒரு கவலை இருக்கும். நல்ல கை, வைத்து என்ன செய்வது?

1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தின் கணக்கில் அவன் குடும்பம் இந்தியாவுக்குப் போக வேண்டியவர்களில் இருந்தது. நானுஓயாவில் ரயில் ஏற்றி விட்டோம். தலைமன்னாரில் கப்பல், மண்டபத்தில் முகாம், பிறகு நீலகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டம். வெகுநாள் கழித்து ஒரு கடிதம் வந்தது. ஊட்டியில் ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறதாம். அங்கேயும் அதே முட்செடி, அதே மூடுபனி. பையும் அதே கனம் என்று எழுதியிருந்தான்.

1983 ஜூலைக் கலவரத்தில் நுவரெலியா டவுன் எரிந்தது. எங்கள் குடும்பம் கொஞ்சக் காலம் அங்கும் இங்கும் ஒதுங்கி, கடைசியில் கொழும்பில் நிலைகொண்டது. நான் படித்துக் கணித வாத்தியாரானேன். மாமா மலையிலேயே இருந்து, மலையிலேயே போய்ச் சேர்ந்தார். மைதானம் இருக்கிறது. சீசனில் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன.

பிறகு பத்திரிகைகளில் சில பெயர்களைப் பார்க்கத் தொடங்கினேன். டில்லியில் பை தூக்கி வளர்ந்த அலி ஷேர், 1991இல் இந்திய ஓபன் பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். 2009இல் அதே பட்டத்தை வென்ற சின்னசாமி முனியப்பா பெங்களூரில் பை தூக்கியவர். எங்கள் நாட்டிலிருந்து அனுர ரோஹணவும் தங்கராஜாவும் இந்தியத் தொழில்முறைச் சுற்றில் பட்டங்கள் எடுத்தார்கள். வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கொய்யாக் கம்புக்காரன் நினைவு வரும். கொட்டகையில் குந்தியிருந்தவர்கள் ஆடத் தெரியாமல் இருந்தவர்களல்ல. எங்கள் வேலை பார்ப்பதும் சுமப்பதும் என்று இருந்தது; பார்த்துக்கொண்டே இருந்தவனுக்குத்தான் முழுப்பாடமும் கிடைத்தது. பணம் கட்டியவருக்குக் காற்றும் புல்லும் கிடைத்தன. எங்களுக்குத் தோளும் தலையும் கோடும் கிடைத்தன. மாமா மரியாதையை அங்கே செலவழித்தார், உண்மையை இங்கே செலவழித்தார்.

இப்போது கற்றுத்தருகிறவர்களிடம் காணொளி இருக்கிறது. பந்தின் சுழற்சியையும் மட்டையின் பாதையையும் எண்களாகக் காட்டும் கருவி இருக்கிறது. கொழும்பில் ஒரு பையனுக்கு அப்படி ஒரு பாடம் நடப்பதை ஒருமுறை ஓரமாக நின்று பார்த்தேன். இளம் பயிற்சியாளர், சுத்தமான ஆங்கிலம், கூச்சமில்லாமல் “நீங்கள் வெளியிலிருந்து வெட்டுகிறீர்கள்” என்றார். நல்லதுதான். வாத்தியார் வாத்தியாராக நிற்கிற காலம் வந்திருக்கிறது. ஆனால் அரைமணி நேரத்துக்குள் அந்தப் பையனுக்குப் பிடி, தோள், இடுப்பு, முழங்கால், பார்வை என்று அவர் அடுக்கிக்கொண்டே போக, கடைசியில் பந்தை எப்படித் தொடுவது என்பதே அவனுக்கு மறந்து போயிற்று.

மாமாவுக்கு ஒரு சட்டம் இருந்தது: ஒரு பாடத்துக்கு ஒரு பிழை. துரையிடம் பத்துப் பிழை இருந்தாலும் அன்றைக்கு ஒன்றைத்தான் எடுப்பார். மிச்சம் ஒன்பதையும் பார்க்காத மாதிரி இருப்பார். மனித உடம்பு ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கேட்கும் என்பது அவர் கண்ட உண்மை. நான் அதை அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோனேன். இயற்கணிதத்தில் தடுமாறும் பிள்ளையின் கொப்பியில் பத்துச் சிவப்புக் கோடு போடுவதில்லை. ஒன்று போதும், அதுவும் மற்றதையெல்லாம் இழுத்துக்கொண்டு வருகிற ஒன்று. குறியைத்தான் பிள்ளை மாற்றிப் போடுகிறது என்றால் அன்றைக்குக் குறி மட்டும். சக ஆசிரியர்கள் இது எந்தக் கல்விமுறை என்று கேட்டிருக்கிறார்கள். கோல்ஃப் என்றால் நம்பமாட்டார்கள்.

அந்தச் சட்டத்துக்கு அவர் சொன்ன இரண்டாவது காரணத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும். ஒருநாள் பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நானே கேட்டேன், எல்லாப் பிழையையும் ஒரேயடியாகச் சொல்லிவிட்டால் என்ன என்று. மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“எல்லாத்தையும் இன்னைக்கே திருத்திட்டா, அடுத்த கெழம தொர எதுக்குடா வரப்போறாரு?”

கொழும்பில் டியூஷன் எடுக்கும் எவரிடமும் இதை விளக்க வேண்டியதில்லை.